பதினேழு லைவ் ஆல்பம்

நங்கூரம் என்ற எங்கள் ஹெவி மெட்டல் குழு பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு ஸ்டுடியோ ஆல்பமும் பதினேழு லைவ் ஆல்பமும் போட்டிருக்கிறது, பதினேழிலும் அதே பழைய பாட்டுகள், அதே வரிசை, அதே தூத்துக்குடி உப்புக் கிடங்கு என்று பெங்களூரிலிருந்து ஒரு தம்பி இணையத்தில் எழுதியிருந்தான். மெட்டல் குழுக்கள் எல்லாவற்றுக்கும் இந்த வியாதி உண்டு, புதுப் பாட்டு வராதபோது பழைய பாட்டைக் கைதட்டலோடு சேர்த்துத் திரும்பத் தருவார்கள், ஆனால் இவர்களுக்கு வியாதி முற்றிவிட்டது என்றும் எழுதியிருந்தான். அவனைக் கூட்டிவந்து துடுப்பால் நாலு சாத்து சாத்தலாம் என்று எங்கள் பாடகன் பொனிப்பாஸ் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் என்னைக் கேட்டால் முதல் லைவ் ஆல்பமே அதிகம் என்றுதான் சொல்வேன், அதுவும் நாங்கள் எடுக்கத் தொடங்கி வெளியிடாமலே விட்ட அந்த முதலாவது.

குழுவில் நாங்கள் நான்கு பேர். பொனிப்பாஸ் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவன், காலை முழுக்கக் கத்திக் கத்தி வளர்த்த தொண்டை, மெட்டலுக்கு வேண்டிய உறுமல் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. பேஸ் வாசிக்கிற அய்யாத்துரை உப்பு லாரி ஓட்டுகிறான். நான் கித்தேரியான், ஐஸ் பாக்டரியில் கம்பிரசர் மெக்கானிக், குழுவில் கிட்டார். டிரம்ஸ் ரெமிஜியுஸ், எங்களுக்கு ரெமி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான், ஏழு வயதில் சப்பரத்துக்கு முன்னால் மேளம் தட்டத் தொடங்கிய கை. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், கிட்டாரை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றால் பேச ஆரம்பித்துவிடுவேன், பாட்டு எப்படிப் பிறந்தது, பிறந்த அன்று என்ன மழை என்று நீட்டிக்கொண்டே போவேன், அப்போது பின்னாலிருந்து ரெமி இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று தட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிவிடுவான், நான்கு முடிந்தால் பாட்டைத் தொடங்கியே ஆகவேண்டும், பாதி வாக்கியம் வாயிலேயே நின்றுவிடும். கூட்டம் அதற்கென்றே காத்திருந்து சிரிக்கும்.

அந்திரேயா கோயில் திருவிழா வருவது கார்த்திகை மழையில். கோயில் திடலில் மேடை போட்டு, எங்கள் முதல் லைவ் ஆல்பத்துக்காக ஒரு வருஷம் திருவிழா அன்று சாயங்காலம் பதிவு செய்துகொண்டிருந்தோம். ஏழு பாட்டு நன்றாக விழுந்தது, எட்டாவதான ‘கொடுங்காற்று’ மட்டும் என் கிட்டார் தந்தி அறுந்து பாழாகிவிட்டது. அதற்குள் தூறல் போட்டது, பொனிப்பாஸும் அய்யாத்துரையும் மேடையிலிருந்து இறங்கித் தார்ப்பாய் தேடப் போனார்கள். ரெமியும் கூடப் பாடுகிறவன், அவனுக்கு முன்னால் இரும்புக் கம்பியில் ஒரு மைக் நின்றது.

“மைக்குல சுர்ருங்குது மக்கா. எர்த்து சரியில்ல. இறங்கிருவோம்” என்று மைக்கைவிட்டு விலகி வந்து சொன்னான்.

“ஒரே ஒரு தடவை ரெமி. இது மட்டும் சரியா விழுந்துட்டுன்னா ஆல்பம் முடிஞ்சிது” என்றேன்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், கையைக் கால்சட்டையில் துடைத்தான், மற்ற இருவரும் திரும்பி வந்ததும் நான்கு எண்ணினான். இரண்டாவது சரணம் முடிந்து பல்லவிக்கு மைக்கை நோக்கிக் குனிந்தவன் நிமிரவில்லை. எங்களுக்குள் நடந்த அந்தப் பேச்சை வேறு யாரும் கேட்கவில்லை, அவனுக்குக் கரண்டு இருப்பது தெரிந்திருக்காது, பாவம் என்றுதான் ஊர் முழுக்கச் சொன்னது, அவன் மனைவி பிரகாசியும் அப்படித்தான் நம்பினாள், நானும் அப்படியே இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். சொன்னவன் மண்ணுக்குள் போய்விட்டான், கேட்டவன் நான் ஒருவன்தான் மிச்சம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, அய்யாத்துரைக்குத் தெரிந்த உப்புக் கிடங்கு ஒன்றில் ரெமிக்காக வாசித்தோம். அவன் டிரம்ஸை எப்போதும்போல நடுவில் வைத்து, முக்காலியின் மேல் அவன் கறுப்புத் துண்டைப் போட்டு, யாரையும் உட்காரவைக்காமல், கூட்டம் காலால் தட்டிக்கொடுத்த தாளத்தில் எட்டுப் பாட்டையும் வாசித்து முடித்தோம். பிரகாசி கேட்டுக்கொண்டதால் அதைப் பதிவும் செய்தோம். மறுநாள் அவள் வீட்டில் போட்டுக் கேட்டால் டிரம்ஸ் இருந்தது. முதல் பாட்டு முதல் எட்டாவது வரை, காலால் மிதிக்கிற கிக் டிரம்மும் ஸ்னேர் டிரம்மும் தாளத் தட்டுகளும், அவனுக்கே உரிய அந்தக் கொஞ்சம் பின்தங்கி விழுகிற அடியோடு எல்லாம் இருந்தது.

“ரெண்டாவது பாட்டுல நாம முந்திட்டோம். அவன்தான் பிடிச்சு நிப்பாட்டியிருக்கான்” என்றான் பொனிப்பாஸ்.

பிரகாசி அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். “அவியதான்” என்றாள். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள்.

அடுத்த சில மாதங்களில் இதன் ஒழுங்குமுறை எங்களுக்குப் பிடிபட்டது. கிடங்கில் வாசிக்கும்போது அவன் அடி யார் காதிலும் விழாது, பதிவில் மட்டும்தான் விழும். ஆள் இல்லாத கிடங்கில் வாசித்தால் அவன் வருவதில்லை, நான் தனியாகப் போய் ஒரு ஞாயிறு முழுக்க வாசித்துப் பார்த்தேன், பதிவில் என் மூச்சுதான் கேட்டது. ஸ்டுடியோவுக்கும் வரவில்லை. புதுப் பாட்டு வாசித்தால் ஒன்றிரண்டு அடி தயங்கி விழுந்து, தெரியாத வீட்டுக்குள் நுழைந்துவிட்டவன்போல நின்றுவிடும், ஆகவே அவன் உயிரோடு இருந்தபோது கற்ற எட்டுப் பாட்டுதான் எங்களுக்கும் என்று ஆயிற்று. இருந்தவரை அவன் எண்ணுவான், நாங்கள் அவன் பின்னால் போவோம், செத்த பிறகு ஒரு பதிவில்கூட அவன் குச்சியைத் தட்டி எண்ணவில்லை, நாங்கள் தொடங்குவோம், அவன் பின்னால் வருவான்.

இதைக் கேட்டு ஊர் அதிசயப்பட்டது என்று சொல்ல முடியாது. மூன்றாவது முறை வாசித்தபோது, நான்காவது பாட்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஜெனோவா என்கிற பெண் எழுந்து நின்று, “ரெமி தம்பி, என் வீட்டுக்காரரு அங்க வந்துட்டாரா?” என்று கேட்டாள். அவள் புருஷன் படகோடு காணாமல்போய் மூன்று வருஷம், உடலும் வரவில்லை, பலகையும் வரவில்லை, அவள் தாலியைக் கழற்றவும் முடியாமல் கட்டியிருக்கவும் முடியாமல் கிடந்தாள். “வந்துட்டாருன்னா ஒரு தட்டு, வரலன்னா ரெண்டு தட்டுய்யா” என்றாள். கிடங்கில் ஒரு சத்தமும் இல்லை. பதிவைப் போட்டுக் கேட்டபோது அவள் குரலுக்குப் பிறகு கிக்கில் ஒரே ஒரு அடி, மெதுவாக, கதவைத் தட்டுகிற மாதிரி விழுந்தது. ஜெனோவா அதை ஏழு தடவை கேட்டாள், பிறகு எழுந்துபோய்ப் புருஷனுக்கு அடக்கப்பூசைக்கு எழுதிக்கொடுத்தாள்.

அதன் பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை. வேம்பாரிலிருந்தும் பெரியதாழையிலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள், ஒக்கிப் புயலுக்குப் பிறகு குமரிப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள், கடல் திருப்பித் தராத ஆட்களின் பெண்டாட்டிகளும் தகப்பன்மார்களும் காதைக் கிழிக்கிற மெட்டல் கச்சேரியில் முக்காடு போட்டுக்கொண்டு நின்று தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். பூசையில் வருகிறமாதிரி இதற்கும் மன்றாட்டு என்றே பெயர் விழுந்தது, ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் பத்து மன்றாட்டு, சீட்டில் எழுதிக்கொடுத்தால் பொனிப்பாஸ் பெயர் வாசிப்பான், எழுதியவர் எழுந்து தன் வாயால் உரக்கக் கேட்கவேண்டும், முணுமுணுத்தால் பதில் விழாது. பதிவை வீட்டில் வைத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை, கேட்டவர்களுக்குப் பதில் போய்ச் சேரவேண்டும், அதனால் ஒவ்வொன்றையும் ஒரு நொடிகூட வெட்டாமல் ஆல்பமாக வெளியிட்டோம். சிடி வருகிற அன்று பரீட்சை முடிவு வருகிற அன்றுபோல வீடுகள் தவித்துக் கிடக்கும். மெழுகுவத்திக் கடையில் எங்கள் ஆல்பம் ஜெபமாலைக்குப் பக்கத்தில் தொங்கியது, மெட்டல் என்றால் என்னவென்றே தெரியாத பெண்கள் மீன் ஆயும்போது எங்கள் இரண்டாவது பாட்டைப் பொனிப்பாஸைவிட நன்றாக உறுமினார்கள்.

பங்குச்சாமி சூசை மிக்கேல் அடிகளார் முதலில் இது விசுவாசத்துக்கு விரோதம் என்று பிரசங்கம் வைத்தார். ஆறாவது ஆல்பத்துக்கு அவரே உபதேசியாரை அனுப்பி, செத்துப்போன பழைய பங்குச்சாமி கோயில் நகைப்பெட்டிச் சாவியை எங்கே வைத்தார் என்று கேட்கவைத்தார். ரெமிக்கு ஆம், இல்லை இரண்டும்தான் தெரியும், ஆகவே உபதேசியார் இருபத்தாறு இடங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டியிருந்தது, பத்தொன்பதாவதாக மணிக்கூண்டு ஏணியின் அடியில் என்ற இடத்தில் பதிவில் ஒரு தட்டு விழுந்திருந்தது. அதற்குப் பிறகு பிரசங்கத்தில் எங்கள் பேச்சு வரவில்லை.

இடையில் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம், மெட்டல்காரர்கள் மட்டும் செய்கிற தப்பு. எட்டாவது ஆல்பத்தை வெளியூர்க் கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டது, அவர்களுடைய சவுண்ட் என்ஜினியர், லைவ் ஆல்பம் என்று போட்டால் யாரும் அப்படியே விடுவதில்லை அண்ணா, அத்தனை பேரும் ஸ்டுடியோவில் வந்து சரிசெய்துதான் விடுகிறார்கள் என்று சொல்லி, ரெமியின் பின்தங்குகிற அடிகளை எல்லாம் கம்ப்யூட்டரில் இழுத்து நேர்க்கோட்டில் நிறுத்திவிட்டான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த முறை வாசித்துப் பதிவைப் போட்டால் டிரம்ஸே இல்லை, எழுபது பேர் கேட்ட மன்றாட்டுக்கும் பதில் இல்லை, ஒன்பதாவது ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் கோயில் வாசலில் நின்று ஏச்சு வாங்கினோம். பத்தாவது முறை மேடையேறியதும் பொனிப்பாஸ் கிடங்கு நடுவில் முழங்காலில் நின்று, இனி ஒரு அடியையும் தொடமாட்டோம், ஒரு சத்தத்தைக் கூட்டவும் மாட்டோம், குறைக்கவும் மாட்டோம் என்று சத்தியம் செய்த பிறகுதான் அவன் திரும்பி வந்தான். அன்றிலிருந்து பதிவில் விழுந்தது விழுந்ததுதான்.

இத்தனையிலும் நான் என் கேள்வியைக் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டுவிடுவது என்று வீட்டிலிருந்து கிளம்புவேன், கூட்டத்தைப் பார்த்ததும் சீட்டு எழுதாமலே விட்டுவிடுவேன், ஏனென்றால் உரக்கக் கேட்கவேண்டும், பிரகாசி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள், கேட்டது ஆல்பத்தில் விழுந்து ஊர் ஊராகப் போகும். சரி, அடுத்ததில் கேட்போம் என்று அடுத்த ஆல்பத்துக்கு எல்லாரையும்விட முந்தி நான்தான் நாள் குறிப்பேன். புதுப் பாட்டு வராததால் லைவ் ஆல்பம் போடுகிறார்கள் என்று எழுதின அந்தத் தம்பிக்கு இது தெரிய வழியில்லை. ஒரு கோழைக்கு வாய் வராததால் எங்கள் கணக்கு பதினாறு வரை வந்து நின்றது.

பதினாறாவது வெளிவந்த வாரம் பிரகாசி ஐஸ் பாக்டரிக்கு வந்தாள். அவள் இறால் கம்பெனியில் சூப்பர்வைசர், மதிய இடைவேளையில் கம்பெனித் தொப்பியோடே வந்து கம்பிரசர் அறை வாசலில் நின்றாள்.

“அண்ணே, அவியளுக்கு இடது மணிக்கட்டு வலிக்கி” என்றாள்.

“எப்படிச் சொல்லுத?”

“ஆறாவது பாட்டுல இடது கை அடியெல்லாம் வலது கைக்குப் போயிட்டு. பதினாலுலயே ஆரம்பிச்சிட்டு, இப்ப ரொம்ப மோசம். இருக்கையில இப்படி வலிச்சா வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டுவாவ, நான் வெந்நி ஒத்தி துணி சுத்திவிடுவேன். இப்ப யாருண்ணே சுத்திவிடுதா?”

நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை, எங்கள் காது மன்றாட்டுக்குப் பிறகு விழுகிற அந்த ஒரு தட்டிலும் இரண்டு தட்டிலும்தான் இருந்தது.

“ஊருக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி ஓஞ்சிட்டாவ” என்றாள். “போதும்ணே. அவியள விட்டுருங்க.”

“நீ ஒரு தடவகூட ஒண்ணும் கேக்கலயே பிரகாசி.”

“நான் கேட்டா அதுக்குன்னே கையைத் தூக்கிட்டு வருவாவ. அதான் கேக்கல.”

கண்ணைத் துடைக்காமல் அப்படியே நின்றாள். என்னிடம் இருந்த சொல் ஒன்றுதான், அது வாயைவிட்டு வந்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. “ஒரே ஒரு தடவை, பிரகாசி. அதோட முடிச்சிருவோம்” என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

கடைசி என்று தெரிந்ததும் கடற்கரை முழுக்கப் பதறியது. நானூற்றுச் சொச்சம் சீட்டு மிச்சம் இருந்தது, குடும்பத்துக்கு ஒரு கேள்வி என்று குறைத்தும் இருநூறுக்குக் கீழே வரவில்லை, எனக்கு இல்லையென்றால் நான் இந்த உப்பிலேயே படுத்துக்கொள்வேன் என்று ஒரு தகப்பன் கிடங்கு வாசலில் படுத்துக்கொண்டார். கடைசியில் காலை பத்து மணிக்கே தொடங்குவது என்றும், பாட்டுக்கு நடுவில் முப்பது பேர் கேட்பது என்றும் முடிவாயிற்று. அன்று கிடங்கில் அறுநூறு பேர். பிரகாசி முன்வரிசையில் மடியில் ஒரு வெள்ளைத் துணிச் சுருளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு பாட்டும் மன்றாட்டுகளும் முடிய மத்தியானம் மூன்று மணி ஆயிற்று. சீட்டுப் பெட்டியின் அடியிலிருந்து கடைசிச் சீட்டை எடுத்த பொனிப்பாஸ் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

“கித்தேரியான்” என்று வாசித்தான்.

நான் மைக்குக்குப் போனேன். “ரெமி, நான்தான்” என்று தொடங்கினேன். “அன்னைக்கு நீ மைக்குல சுர்ருங்குது, எர்த்து சரியில்ல, இறங்கிருவோம்னு சொன்ன. நான்தான் ஒரே ஒரு தடவைன்னு சொன்னேன்.” கூட்டத்தில் ஒரு மூச்சுச் சத்தம் எழுந்து அடங்கியது. பிரகாசியை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன். தொடங்கிய பிறகு என்னால் நிறுத்தவும் முடியவில்லை, இத்தனை வருஷம் அடைத்துவைத்தது மடை திறந்தமாதிரி வந்துகொண்டே இருந்தது, தந்தி அறுந்தது, தூறல் விழுந்தது, அவன் கையைத் துடைத்தது, சவப்பெட்டியை நான் எந்தப் பக்கம் தூக்கினேன், ஒவ்வொரு ஆல்பத்திலும் கேட்க வந்து கேட்காமல் போனது, ஐஸ் பாக்டரியில் பிரகாசியிடம் அதே வார்த்தையைச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். “நீ மன்னிச்சியா, இல்லையா? மன்னிச்சன்னா ஒரு தட்டு. இல்லன்னா ரெண்டு தட்டு. எதுன்னாலும் சொல்லிருல” என்று கேட்டுவிட்டுத் தலைகுனிந்து நின்றேன்.

அறுநூறு பேரும் பூசையில் சாமி அப்பத்தை உயர்த்துகிறபோது நிற்கிறமாதிரி தலைகுனிந்து நின்றார்கள். மேடையில் நாங்கள் மூவரும் அப்படியே நின்றோம். அவன் பதில் சொல்ல நேரம் கொடுக்கவேண்டும் என்று நான்கு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ நின்றோம். நிமிர்ந்து பார்த்தபோது பிரகாசியின் இடம் காலியாக இருந்தது, துணிச் சுருள் மட்டும் நாற்காலியில் இருந்தது. நான் கிட்டாரின் வயரைப் பிடுங்கிவிட்டு மேடையைவிட்டு இறங்கிவிட்டேன், எட்டாவது பாட்டான ‘கொடுங்காற்று’ அன்று வாசிக்கப்படவே இல்லை.

பதிவை எப்போதும் பிரகாசி வீட்டில்தான் முதலில் கேட்போம். அந்த ஞாயிறு நாங்கள் மூவரும் போய் நின்றபோது அவள் வாங்க என்று சொல்லவில்லை, கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள், நாங்களும் போனோம். ஐந்து மணி நேரம் ஒவ்வொரு பதிலையும் கேட்டுக் குறித்துக்கொண்டோம். ஆறாவது பாட்டில் இடது கை அநேகமாக இல்லவே இல்லை, அந்த இடத்தில் பிரகாசி தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டாள். பிறகு என் குரல் வந்தது.

நான் பதினொரு நிமிஷம் பேசியிருக்கிறேன். ஒன்பதாவது நிமிஷத்தில், சவப்பெட்டியைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது, என் குரலுக்குப் பின்னால் குச்சிகள் தட்டின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அய்யாத்துரை பேனாவைக் கீழே வைத்தான். பதிவில் நான் பேசிக்கொண்டே இருந்தேன், எனக்கென்ன தெரியும், கிடங்கில் ஒன்றும் கேட்கவில்லையே. கொஞ்சம் விட்டு மறுபடி நான்கு, இந்தத் தடவை சற்றுப் பலமாக. நான் பேசி முடித்து, ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று கெஞ்சிவிட்டு நிறுத்தியதும் அமைதி விழுந்தது, கிக்கில் ஒரு தட்டும் விழவில்லை, இரண்டு தட்டும் விழவில்லை, அந்த அமைதிக்குள் திரும்பவும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

“கொடுங்காற்று” என்றான் அய்யாத்துரை மெதுவாக. எண்ணுகிற வேகத்தை வைத்தே எங்களுக்குத் தெரியும்.

நான்கு முடிந்த இடத்தில் கிட்டார் வரவேண்டும், வரவில்லை, மேடையில் நாங்கள் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தோம். அவன் காத்திருந்தான். மறுபடி எண்ணினான். காத்திருந்தான். செத்த பிறகு எங்களை நடத்திக்கொண்டு போவதற்கு அவன் எண்ணியது அன்றுதான், ஆறு தடவை எண்ணினான், ஆறாவது தடவை நான்கு என்பது சரியாகக் கேட்கவே இல்லை. பிறகு குச்சிகள் இரண்டையும் ஸ்னேரின் மேல் வைக்கிற சத்தம், முக்காலி கிரீச்சிடுகிற சத்தம். அதற்குப் பிறகு அறுநூறு பேரின் மூச்சு மட்டும்.

பிரகாசி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன், துப்பினால் தேவலை என்றுகூட இருந்தது.

“நீங்க பேசிக்கிட்டே நின்னா அவிய அப்படித்தான தட்டுவாவ” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஆரம்பிச்சிருக்கலாம்லண்ணே.”

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

ஊர் பேசியது. பதினேழாவது ஆல்பம் வெளிவந்ததும், அது மன்னிப்புதான், இல்லாவிட்டால் சேர்ந்து வாசிக்கக் கூப்பிடுவானா என்று பொனிப்பாஸ் மீன் ஏலத்தில் எல்லாரிடமும் வாதாடினான். மன்னிப்பாவது ஒன்றாவது, வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணியிருப்பான், அதையும் கெடுத்துவிட்டான் பாவி என்று சிலர் என் காதுபடச் சொன்னார்கள். ஜெனோவா மட்டும் ஐஸ் பாக்டரி வாசலுக்கு வந்து, “உனக்கு ஒரு பதிலு வந்துது தம்பி, நீ வேற பதிலுக்குக் காத்துக்கிட்டு நின்னுட்ட” என்று சொல்லிவிட்டுப் போனாள். பெங்களூர்த் தம்பி, பதினேழிலும் இதுதான் படுமோசம், கடைசியில் ஒன்றுமே நடக்காத நீண்ட அமைதி வேறு, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தான்.

பிரகாசிக்குக் கொடுத்த வாக்கை மீறி நாங்கள் பதினெட்டாவது தடவையும் வாசித்தோம். கிடங்கு நிறையக் கூட்டம் வந்தது, அவள் வரவில்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை, ஏழாவது பாட்டு முடிந்ததும் மூச்சுக்கூட விடாமல் ‘கொடுங்காற்று’க்குள் நுழைந்தேன், கண்ணீர் வழிய வழிய வாசித்தேன். பதிவில் கிட்டார் இருந்தது, பேஸ் இருந்தது, பொனிப்பாஸ் இருந்தான், கூட்டம் காலால் தட்டியது இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அதை வெளியிடாமல் கிடங்கைப் பூட்டிச் சாவியை உரியவரிடம் கொடுத்துவிட்டோம், கடலிலிருந்து ஆள் திரும்பாத வீடுகள் மறுபடி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

தினமும் மாலை ஷிப்ட் முடிந்ததும் கம்பிரசர் அறையில் கிட்டாரை மாட்டிக்கொண்டு பதினேழாவது ஆல்பத்தின் கடைசிப் பகுதியைப் போடுகிறேன். ஒரு நொடியும் வெட்டமாட்டோம் என்று சத்தியம் செய்திருப்பதால் என்னுடைய பேச்சு முழுவதையும் தினமும் கேட்டாகவேண்டும், கேட்கிறேன். குச்சிகள் தட்டத் தொடங்கினால், நான் பேசிக்கொண்டிருக்கிற இரண்டு தடவையும் சரி, அமைதிக்குள் விழுகிற நான்கு தடவையும் சரி, ஒவ்வொன்றுக்கும் ‘கொடுங்காற்று’ தொடங்குகிறேன், அவன் கூட வருவதில்லை, நிறுத்துகிறேன், மறுபடி எண்ணுகிறான், மறுபடி தொடங்குகிறேன். ஆறாவதில் நான்கு என்பது கேட்காது, அதை நானே எண்ணிக்கொள்ளவேண்டும். அவன் குச்சியை வைத்துவிட்டு எழுந்துபோகிற சத்தத்துக்கு மேலேயே பாட்டைக் கடைசிவரை வாசித்து முடிக்கிறேன், ஒரு நாளும் தொடங்கத் தாமதித்ததில்லை.